லாகினுக்கு முன்பே வெர்ஷன் சொல்லும் ஏகெட்டி: கன்சோலே கதியாக இருப்பவனின் மதிப்புரை

லினக்ஸ் சர்வரின் கன்சோலை, அதாவது கமாண்ட் தட்டும் எழுத்துத் திரையைத் திறந்ததும், யூசர் பெயர் கேட்பதற்கு முன்னால் ஓரிரு வரி வருமே, அதற்கெல்லாம் மதிப்புரையா என்று கேட்கலாம். எனக்கு வேலையே கன்சோலில்தான். பல டிஸ்ட்ரோ (ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்), பல வயதில் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் மெஷின்கள்). பெயர் வைத்தவர்கள் 'டெஸ்ட்-புது', 'டெஸ்ட்-புது-2', 'டெஸ்ட்-கடைசி' என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எதில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று உள்ளே போகாமலே தெரிந்தால் பாதி எரிச்சல் அங்கேயே தீரும்.

அந்த வேலையைச் செய்வது ஏகெட்டி. யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வரும் சின்ன புரோகிராம். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் கன்சோல்களில் உட்கார்ந்து 'லாகின்:' என்று கேட்பது இதுதான். கேட்பதற்கு முன்னால் ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் 'இஷ்யூ' என்ற ஃபைலைப் படித்துத் திரையில் எழுதும். அந்த ஃபைலில் வெறும் எழுத்தும் இருக்கலாம், பேக்ஸ்லாஷ் போட்ட குறியீடுகளும் இருக்கலாம். குறியீடு இருந்தால் அந்த இடத்தில் மெஷினின் விவரத்தை நிரப்பிவிடும். நான் மதிப்பிடப் போவது இந்த வசதியைத்தான். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எழுதியிருப்பது உண்மையா?

முதலில் நன்றாக இருப்பதைச் சொல்கிறேன். ஃபெடோராவின் இஷ்யூ ஃபைலைத் திறந்து பாருங்கள். முதல் வரியில் பேக்ஸ்லாஷும் பெரிய எஸ்ஸும் மட்டும். இரண்டாவது வரியில் 'கர்னல்' (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) என்ற சொல், பேக்ஸ்லாஷ் ஆர், பிறகு பேக்ஸ்லாஷ் எம், கடைசியில் அடைப்புக்குறிக்குள் பேக்ஸ்லாஷ் எல். அவ்வளவுதான். வெர்ஷன் எண் என்று ஒரு இலக்கம்கூட ஃபைலில் கிடையாது. ஆனால் திரையில் 'ஃபெடோரா லினக்ஸ் 40, சர்வர் எடிஷன்' என்று முழுப்பெயரோடு வருகிறது. அடுத்த வரியில் ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண், பிராசஸர் வகை, எந்த டெர்மினல் என்பது. யாரும் கையால் எழுதவில்லை, எனவே யாரும் மாற்ற மறக்கவும் முடியாது. இதைத்தான் எல்லா டிஸ்ட்ரோவும் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் பெரிய எஸ் விவரத்தை எடுப்பது, டிஸ்ட்ரோவின் பெயரும் வெர்ஷனும் எழுதியிருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலிலிருந்து. 2012-இல் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) கூட்டம் கொண்டுவந்த பொது ஏற்பாடு அது. அதற்கு முன்னால் ரெட்ஹேட்டுக்கு ஒரு ஃபைல், டெபியனுக்கு ஒரு ஃபைல் என்று ஆளுக்கொரு இடம். இப்போது எல்லோரும் ஒரே ஃபைலில், ஒரே பாணியில் எழுதுகிறார்கள். பெரிய எஸ்ஸை வெறுமனே போட்டால் அதிலிருந்து மனிதர் படிக்கும் முழுப்பெயர் வரும். பக்கத்தில் வளைந்த அடைப்புக்குறி போட்டு 'வெர்ஷன் ஐடி' போன்ற ஒரு புலத்தின் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் வரும். சின்ன எஸ் போட்டால் 'லினக்ஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். அது ஊருக்கே தெரியும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பெரிய எஸ் பேசுவது டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை வைத்து. ஆர் பேசுவது மெமரியில் ஓடும் கர்னலை வைத்து, யூநேம் கமாண்ட் சொல்லும் அதே பதில். ஆகவே இரண்டு வரியும் இரண்டு வேறு சாட்சிகள். டெபியன் 11 மெஷினை அங்கேயே வைத்து 12-க்கு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். பேக்கேஜ் எல்லாம் இறங்கி முடிந்ததும் ஓஎஸ்-ரிலீஸ் '12' என்று சொல்லத் தொடங்கிவிடும். ஆனால் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பழைய 5.10 கர்னல்தான், 12-க்கு உரிய 6.1 அல்ல. கன்சோலில் மேல் வரி 12, கீழ் வரி 5.10 என்று நின்றால், 'அப்கிரேட் முடித்தவர் ரீபூட் செய்யாமல் போயிருக்கிறார்' என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க மானிட்டரிங் டூல் எதுவும் தேவையில்லை. இஷ்யூ ஃபைலில் பெரிய எஸ், ஆர் இரண்டும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்கள் பாதி விவரத்தோடு இருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

கன்டெய்னர் (ஹோஸ்ட் மெஷினின் கர்னலையே பகிர்ந்து ஓடும் தனி அறை) என்றால் இதே விஷயம் இன்னும் வேடிக்கையாக இருக்கும். லாகின் கேட்கும் கன்டெய்னருக்குள் டெபியன், வெளியே ஹோஸ்ட் ஃபெடோரா என்றால், பெரிய எஸ் 'டெபியன்' என்று சொல்லும், ஆர் 'எஃப்சி40' என்ற ஃபெடோரா அடையாளம் உள்ள எண்ணைக் காட்டும். முதல் முறை பார்ப்பவர் பிழை என்று நினைப்பார். பிழையே இல்லை, கன்டெய்னருக்குச் சொந்தக் கர்னல் கிடையாது, அவ்வளவுதான்.

சரி, குறை. குறியீடுகளில் 'வி' என்று ஒன்று உண்டு. வெர்ஷனுக்கு வி என்று நினைத்து எல்லோரும் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். வருவதோ கர்னல் கட்டப்பட்ட விவரம்: ஒரு ஹேஷ் குறி, ஒரு எண், 'எஸ்எம்பி', பிறகு ஒரு தேதி. ஓஎஸ் வெர்ஷன் எதிர்பார்த்தவருக்கு இது ஏமாற்றம். ஆனால் டெபியனில் இதே வி பொக்கிஷம். அங்கே ஆர் போட்டால் '6.1.0-21-ஏஎம்டி64' என்று வரும். அதில் உள்ள 6.1.0 பெயருக்குத்தான். உண்மையில் எந்தத் திருத்தம் வரை உள்ளே வந்திருக்கிறது என்பது வி தரும் வரியில்தான் இருக்கும், '6.1.90-1' என்று, ஒரு தேதியோடு. பாதுகாப்புத் திருத்தம் வந்துவிட்டதா என்று பார்க்க அந்த எண்தான் வேண்டும். எனவே ஃபெடோராவில் ஆர் போதும், டெபியனில் ஆரும் வியும் சேர்த்துப் போடுங்கள். இது மேன் பக்கத்தில் (லினக்ஸோடு வரும் கையேட்டில்) இருக்காது, பழகினால்தான் தெரியும்.

மேன் பக்கம் என்றதும் ஒரு புகார். 'இஷ்யூ' என்று மேன் பக்கம் தேடினால் கிடைப்பது சில வரி. அந்த ஃபைலைப் படிக்கும் புரோகிராம் ஆதரித்தால் குறியீடுகள் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறது. முழுப் பட்டியல் ஏகெட்டியின் மேன் பக்கத்தில் இருக்கிறது. தான் தேட வேண்டியது ஏகெட்டி என்று புதிதாக வருபவருக்கு யார் சொல்வார்கள்?

டெபியன் தரும் ஃபைல் எனக்குப் பிடிக்கவில்லை. 'டெபியன் ஜிஎன்யூ/லினக்ஸ் 12' என்று நேராக எழுத்தாகவே எழுதிவிட்டு, பின்னால் மெஷின் பெயருக்கு என், டெர்மினலுக்கு எல் மட்டும் குறியீடு. 12.4-ஆ 12.5-ஆ என்று தெரியாது, அது 'டெபியன் வெர்ஷன்' என்ற வேறொரு ஃபைலில் இருக்கிறது. கர்னல் பற்றி மூச்சே இல்லை. இதைவிடப் பெரிய தொல்லை, இது பேஸ்-ஃபைல்ஸ் பேக்கேஜின் கான்ஃபிக் ஃபைல். நீங்கள் இதில் கைவைத்திருந்தால் அடுத்த பெரிய அப்கிரேடில் 'உன்னுடையதை வைக்கவா, புதியதைப் போடவா' என்று டிபிகேஜி (டெபியனில் பேக்கேஜ் நிறுவும் புரோகிராம்) நிறுத்திக் கேட்கும். அவசரத்தில் 'என்னுடையதையே வை' என்று தட்டினால், உள்ளே 12, வாசலில் 11. பொய் சொல்லும் வெர்ஷன் வரியைவிட வரியே இல்லாமல் இருப்பது மேல். உபுண்டுவும் எழுத்தாகவே எழுதுகிறது, ஆனால் '22.04.3 எல்டிஎஸ்' என்று புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணையும் சேர்த்துக்கொள்வதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆல்பைன் வெர்ஷனை எழுத்தாகவும் கர்னலைக் குறியீடாகவும் வைத்திருக்கிறது. ஆர்ச்சுக்கு வெர்ஷன் எண்ணே கிடையாது என்பதால் கர்னல் எண்ணோடு திருப்தி, அதில் தப்பில்லை.

பழைய ரெட்ஹேட் லினக்ஸ் பார்த்தவர்களுக்கு வேறொரு கூத்து நினைவிருக்கும். பூட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஆர்சி-லோக்கல் ஸ்கிரிப்ட் இஷ்யூ ஃபைலை அழித்துப் புதிதாக எழுதும். வெர்ஷன் எப்போதும் சரியாக இருக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் ஆசையாகச் சேர்த்த வரி ரீபூட் ஆனதும் காணாமல் போகும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே 'மாற்றம் வேண்டுமானால் இங்கே செய்' என்று எச்சரிக்கை எழுதி வைத்திருந்தார்கள். அதை யார் திறந்து படித்தார்கள்!

இப்போது அந்தத் தலைவலிக்கு மருந்து உண்டு. ஈடிசியில் 'இஷ்யூ.டி' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் '.இஷ்யூ' என்று முடியும் பெயரில் உங்கள் ஃபைலைப் போட்டால், ஏகெட்டி மூல ஃபைலுக்குப் பின்னால் இதையும் சேர்த்துக் காட்டும். மூல ஃபைலைத் தொடவே வேண்டாம், அப்கிரேடில் கேள்வியும் வராது. முடிவில் '.இஷ்யூ' இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். என் டெபியன் மெஷின்களில் இந்த ஃபோல்டரில் ஒரே ஃபைல், மூன்று வரி. ஒன்றில் பெரிய எஸ். ஒன்றில் ஆரும் வியும். மூன்றாவதில் பேக்ஸ்லாஷ் 4.

அந்த 4-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது மெஷினின் ஐபிவி4 முகவரியைக் காட்டும். 6 போட்டால் ஐபிவி6. நெட்வொர்க் கார்டின் பெயரை வளைந்த அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் அந்தக் கார்டின் முகவரி மட்டும். டிஎச்சிபி-யில் (நெட்வொர்க்கே முகவரி கொடுக்கும் முறையில்) முகவரி வாங்கும் புது விர்ச்சுவல் மெஷினுக்கு இதைவிட உதவி வேறில்லை. கன்சோலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக எஸ்எஸ்எச்-க்கு (நெட்வொர்க் வழியாக மெஷினுக்குள் போகும் வழி) போய்விடலாம். வெர்ஷன் பற்றிய மதிப்புரையில் இது கொஞ்சம் வெளியே போகிற பேச்சுதான், ஆனாலும் ஏகெட்டிக்கு நான் நல்ல மார்க் போடுவதில் இதற்கும் பங்குண்டு. காக்பிட் (பிரவுசரிலிருந்து சர்வரைப் பராமரிக்கும் டூல்) போட்டிருந்தால் அதுவும் இதே ஃபோல்டரில் தன் வரியைச் சேர்த்து, வெப் கன்சோலின் முகவரியைக் காட்டும். சிலருக்கு இரைச்சல், எனக்கு வசதி.

மாற்றியதைச் சரிபார்க்க லாகவுட் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஏகெட்டியை 'ஷோ-இஷ்யூ' ஆப்ஷனோடு ஓட்டினால் குறியீடுகள் எல்லாம் நிரம்பி, வரப்போவது அப்படியே திரையில் வரும். ஏற்கெனவே லாகின் கேட்டுக்கொண்டு நிற்கும் கன்சோல்களில் பழைய எழுத்தே நிற்கும் என்பதையும் கவனியுங்கள். எழுதியபோது இருந்த நிலவரம்தான் அது. 'ரீலோட்' ஆப்ஷன் கொடுத்தால், யாரும் பெயர் தட்டத் தொடங்காத கன்சோல்களில் எல்லாம் புதிதாக எழுதிவிடும். மேலே சொன்ன இரண்டு சாட்சி வித்தையை நம்புகிறவர்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

கலரும் போடலாம். பேக்ஸ்லாஷ் ஈ, பக்கத்தில் கலரின் பெயர். புரொடக்‌ஷன் மெஷினுக்கு மட்டும் சிவப்பு வைத்திருக்கிறேன், தப்பான கன்சோலில் கைவைப்பதற்கு முன் ஒரு நொடி நிற்க வைக்கிறது. முடிவில் 'ரீசெட்' போடாவிட்டால் 'லாகின்:' என்பதும் சிவப்பாகவே வரும்.

இனி எஸ்எஸ்எச். இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நின்றான்.

"அண்ணே, பேனர்ல இஷ்யூ ஃபைலையே கொடுத்தேன். வெர்ஷன் வரல, பேக்ஸ்லாஷ் எஸ்னு அப்படியே வருது."

"அங்கே ஏகெட்டி எங்கேப்பா இருக்கு?"

அதுதான் விஷயம். எஸ்எஸ்எச்-இல் வரும்போது நடுவில் ஏகெட்டி இல்லை. எஸ்எஸ்எச் சர்வரின் 'பேனர்' அமைப்பு, கொடுத்த ஃபைலை எழுத்து மாறாமல் அனுப்பும். குறியீட்டை நிரப்பும் வேலை அதற்குத் தெரியாது. வழக்கமாக பேனர் எதுவுமே அமைக்கப்பட்டிருக்காது. 'இஷ்யூ.நெட்' என்ற இன்னொரு ஃபைல் டெல்நெட் காலத்துப் பாக்கி. அதற்குப் பேக்ஸ்லாஷ் கிடையாது, சதவீதக் குறி போட்ட வேறு பட்டியல். அதையும் எஸ்எஸ்எச் நிரப்பாது. வெர்ஷனைத்தான் காட்டியாக வேண்டும் என்றால் பூட் ஆகும்போது ஒரு ஸ்கிரிப்ட் வைத்து ஃபைலை எழுத வேண்டும். நான் அந்தப் பக்கம் போகவில்லை, தம்பியையும் போகவிடவில்லை.

காரணம் சோம்பல் அல்ல. கன்சோலுக்கு முன்னால் நிற்பவர் ஏற்கெனவே கதவைத் தாண்டி வந்தவர், அல்லது ஹைப்பர்வைசரில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) அனுமதி உள்ளவர். எஸ்எஸ்எச் பேனரோ பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே, தட்டிப் பார்க்கும் யாருக்கும் போகும். பூட்டின் மாடல் நம்பரைக் கதவிலேயே எழுதி ஒட்டுவானேன்? சிஐஎஸ் பெஞ்ச்மார்க் (பாதுகாப்பு அமைப்புகளுக்கான விதிப் பட்டியல்) வைத்து ஆடிட் செய்பவர்கள் இன்னும் கறார். எம், ஆர், எஸ், வி ஆகிய குறியீடுகள் இஷ்யூ, இஷ்யூ.நெட், எம்ஓடிடி (லாகின் ஆன பிறகு வரும் செய்தி) மூன்றிலும் இருக்கக் கூடாது, டிஸ்ட்ரோ பெயரும் கூடாது என்பது அவர்கள் விதி. சோதனைக் கமாண்ட் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்க்காது, எனவே பெரிய எஸ்ஸும் மாட்டும். ஃபெடோரா குடும்பத்தின் இஷ்யூ ஃபைல் அப்படியே இருந்தால் இந்தச் சோதனையில் தேறாது. நெட்வொர்க் பக்கம் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். பூட்டிய அறையில் இருக்கும் கன்சோலுக்கும் அதே சட்டம் என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. ஆனால் ஆடிட்டில் தேற வேண்டிய மெஷின் என்றால் வாதாடிப் பயனில்லை, எடுத்துவிடுங்கள்.

எடுத்துவிட்டு, 'இனி யாருக்கும் தெரியாது' என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. எஸ்எஸ்எச் இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தங்கள் சாஃப்ட்வேர் அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது அந்த நெறிமுறையின் விதி, 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4253 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கிறது. டெபியன் சர்வர் அந்த இடத்தில் ஓப்பன்எஸ்எஸ்எச்-இன் எண்ணோடு 'டெபியன்' என்ற பெயரையும் ஒட்டி அனுப்பும். திருத்தம் வந்த பேக்கேஜாக இருந்தால் 'டெப்12' என்று ரிலீஸே அதில் தெரியும். 'டெபியன்பேனர்' என்ற அமைப்பை 'நோ' என்று மாற்றினால் அந்த வால் மட்டும் போகும், ஓப்பன்எஸ்எஸ்எச்-இன் எண் நிற்கும்.

பேனருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எஸ்எஸ்எச் வழியாக ஸ்கிரிப்ட் ஓட்டுபவர்களுக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த வரிகள் பிழைகள் போகும் பாதையில் வந்து விழும். லாக் ஃபைலில் நிஜப் பிழையைத் தேடினால் நடுவில் வரவேற்பு வாசகம்.

உள்ளே போன பிறகு காட்டினால் போதாதா, எம்ஓடிடி இருக்கிறதே என்பார்கள். உபுண்டு அதை அழகாகச் செய்கிறது. 'வெல்கம் டு உபுண்டு' என்று தொடங்கி வெர்ஷன், கர்னல், பிராசஸர் வகை, ரீபூட் தேவையா என்பதுவரை வரும். லாகின் ஆகும்போது ஸ்கிரிப்டுகளை ஓட்டித் தயாரிப்பதால் அதுவும் உண்மையே பேசும். ஆனால் எனக்கு வெர்ஷன் அவசரமாகத் தேவைப்படுவது உள்ளே போக முடியாதபோதுதான். ரூட் பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை, மீட்பு ஐஎஸ்ஓ (பூட் செய்ய உதவும் டிஸ்க் இமேஜ்) போட்டு பூட் செய்ய வேண்டும், எந்த ரிலீஸின் ஐஎஸ்ஓ? அந்த நேரத்தில் எம்ஓடிடி உள்ளே பத்திரமாக இருக்கும்.

மற்ற சிஸ்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீபிஎஸ்டி-யில் இஷ்யூ ஃபைலுக்குப் பதில் 'கெட்டிடேப்' என்ற ஃபைலில் 'ஐஎம்' என்ற புலம். வழக்கமாக ஓஎஸ் பெயர், பிராசஸர் வகை, மெஷின் பெயர், டெர்மினல் ஆகியவை வரும், வெர்ஷன் வராது. சதவீதக் குறியும் ஆரும் சேர்த்தால் வந்துவிடும், நான் சேர்த்துவிட்டேன். மேக்-இல் லாகின் திரையின் கடிகாரத்தைச் சொடுக்கினால் வெர்ஷன் காட்டும்படி ஒரு மறைவான அமைப்பு உண்டு. விண்டோஸில் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் பிஜிஇன்ஃபோ, வால்பேப்பரிலேயே விவரங்களை எழுதிவிடும். வேலை நடக்கிறது, ஆனால் ஏகெட்டியின் இரண்டு வரி எளிமை அதில் இல்லை.

என் மிச்சக் கோபமெல்லாம் கிராஃபிகல் லாகின் மீதுதான். ஜிடிஎம் (க்னோம் டெஸ்க்டாப்பின் லாகின் திரை) இஷ்யூ ஃபைலை எட்டியும் பார்ப்பதில்லை. பேனர் செய்தி என்று ஒன்று வைக்கலாம், ஆனால் அது வெறும் எழுத்து, குறியீடு எதுவும் நிரம்பாது. இவ்வளவு அழகாகத் திரையை வரைகிறவர்களுக்கு ஓஎஸ்-ரிலீஸிலிருந்து ஒரு வரி எடுத்து ஓரத்தில் போடத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்தால் நான் செய்வது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. திரை கறுப்பாகி, அங்கே ஒரு ஏகெட்டி எழும்பி வெர்ஷனைச் சொல்லும். பார்த்துவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தினால் பழைய இடம். சில டிஸ்ட்ரோவில் அது எஃப்7.